‘கவலியேரே’: ஓர் இத்தாலியச் சொல்லின் பொருளும் பிறப்பும்

முன்னுரை

1995ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு நடிகர் சிவாஜி கணேசனுக்குக் கலை இலக்கியத் துறைக்கான ‘செவாலியே’ விருதை வழங்கியது. அதன்பின் ‘செவாலியே சிவாஜி கணேசன்’ என்னும் தொடர் தமிழர் நாவில் நிலைபெற்றுவிட்டது. சென்னையில் அவர் பெயர் தாங்கிய சாலையும் அவ்வடைமொழியுடனேயே வழங்கி வருகிறது. ஆயினும் ‘செவாலியே’ என்பதன் நேர்ப்பொருள் ‘குதிரைவீரர்’ என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. குதிரையோடு தொடர்பில்லாத ஒரு கலைஞருக்குக் குதிரைவீரர் என்னும் பட்டம் எவ்வாறு பொருந்திற்று?

இவ்வினாவுக்கு விடை காண, அச்சொல்லின் இத்தாலிய உடன்பிறப்பாகிய ‘கவலியேரே’ என்பதன் வரலாற்றை அறிவது துணைபுரியும். வீரமும் நயநாகரிகமும் ஒருங்கே அமைந்த குதிரைவீரனைக் குறிக்கும் இச்சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் ஒருவருக்கு வேறொரு சொல் நினைவுக்கு வரக்கூடும். அது நம் அன்றாட வழக்கிலுள்ள ‘காவலர்’ என்பதாகும். ‘கவலியேரே’, ‘காவலர்’ ஆகிய இரண்டும் ஒரே வேரினவோ என்று அவர் வினவினால் ஆசிரியர் என்ன விடை கூறுவது? ஒலி ஒத்திருக்கிறது, பொருளிலும் போர்த்தொழிலின் சாயல் இருக்கிறது. ‘ஆம்’ என்று கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுதல் பொருந்துமா என்பதை, அவ்வித்தாலியச் சொல்லின் பிறப்பையும் வளர்ச்சியையும் படிப்படியாகக் காண்பதன்வழி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லின் பொருட்பரப்பு

இன்றைய இத்தாலிய மொழியில் ‘கவலியேரே’ என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. குதிரையேறிச் செல்பவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். இடைக்காலத்தில் முறைப்படி பட்டம் சூட்டப்பெற்ற போர்வீரர் என்பது வரலாற்றுப் பொருள். மகளிரிடம் மதிப்போடும் நயத்தோடும் நடந்துகொள்ளும் ஆடவர் என்பது பண்புப் பொருள். நடனத்தில் பெண்ணுக்கு இணையாக ஆடும் ஆடவரையும் இச்சொல் குறிக்கும். இவற்றோடு, அரசு வழங்கும் விருதொன்றைப் பெற்றவர் என்னும் பொருளும் உண்டு.

இப்பொருள்களுள் முதலாவதைத் தவிர ஏனையவற்றுக்குக் குதிரை கட்டாயமன்று. ஒரு விலங்கின் பெயரிலிருந்து தோன்றிய சொல், அவ்விலங்கை விட்டு நீங்கிப் பண்பையும் மதிப்பையும் குறிப்பதாக வளர்ந்துள்ளது. ஆயின் அந்த மதிப்பு அதன் வேரிலேயே இருந்ததா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இரு குதிரைகள்

இலத்தீன் மொழியில் குதிரையைக் குறிக்க இரு சொற்கள் இருந்தன. ஒன்று ‘எக்குவுஸ்’, மற்றொன்று ‘கபல்லுஸ்’. (இரண்டாம் சொல்லின் பகரத்தை ‘அபயம்’ என்பதில் ஒலிப்பது போல ஒலித்தல் வேண்டும்.)

‘எக்குவுஸ்’ தொன்மை வாய்ந்த சொல். வடமொழி ‘அசுவம்’, கிரேக்க ‘ஹிப்போஸ்’ ஆகியவற்றோடு அது ஒரே மூலத்திலிருந்து கிளைத்தது என்பது ஒப்பியல் மொழிநூலார் ஏற்ற முடிபு. ‘எக்குவுஸ்’, ‘ஹிப்போஸ்’, ‘அசுவம்’ ஆகிய மூன்றும் செவிக்கு ஒன்றுபோல் ஒலிப்பனவல்ல. ஆயினும் ஒழுங்கான ஒலிமாற்ற விதிகளால் அவற்றின் உறவு நிறுவப்பட்டுள்ளது. உரோமில் ‘எக்குவுஸ்’ என்பது போர்க்குதிரைக்கும் உயர்ந்தோர் ஏறும் குதிரைக்கும் உரிய சொல்லாக விளங்கிற்று. அதனடியாகப் பிறந்த ‘எக்குவெஸ்’ என்பது குதிரைவீரனைக் குறித்துப் பின்னர் ஒரு சமூக வகுப்பின் பெயராகவும் ஆயிற்று. பேரரசுக் காலத்தில் அவ்வகுப்பில் இடம்பெற 4,00,000 செஸ்தெர்ஸ் பெறுமான சொத்து வேண்டப்பட்டது.

‘கபல்லுஸ்’ என்பதோ தாழ்ந்த வழக்கு. ஏர், வண்டி, செக்கு முதலியவற்றில் உழைக்கும் சாதாரணக் குதிரையை, தமிழில் ‘மட்டக்குதிரை’ என்று கூறத்தக்கதை, அது குறித்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அங்கதப் புலவர் பெர்சியுஸ், கலைத் தெய்வங்களின் புனித ஊற்றைக் குறிப்பிடும்போது வேண்டுமென்றே இச்சொல்லின் வழிவந்த அடைமொழியைக் கையாண்டார். கவிஞர்கள் போற்றிய தெய்வக் குதிரையின் ஊற்று அவர் வாக்கில் மட்டக்குதிரையின் ஊற்றாக மாறியது. அந்நகைச்சுவை எடுபட்டதென்றால், ‘கபல்லுஸ்’ என்பது எத்தகைய எளிய சொல்லாக இருந்தது என்பதை நாம் உணரலாம். இச்சொல் வேற்றுமொழியிலிருந்து இலத்தீனுக்குள் புகுந்த கடன்சொல் என்று கருதப்படுகிறது. அதன் மூலமொழி பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

வரலாற்றில் நிலைத்து வாழ்ந்தது உயர்ந்த சொல்லன்று. பேச்சு இலத்தீனில் ‘எக்குவுஸ்’ மெல்ல மறைய, ‘கபல்லுஸ்’ அதன் இடத்தைப் பிடித்தது. இத்தாலியத்தில் ‘கவல்லோ’, பிரெஞ்சில் ‘செவால்’, இசுப்பானியத்தில் ‘கபல்யோ’, உருமேனியத்தில் ‘கால்’ என இலத்தீன் வழிமொழிகளில் குதிரைக்கு வழங்கும் பொதுப்பெயர்கள் யாவும் அந்த மட்டக்குதிரையின் வழித்தோன்றல்களே. ‘எக்குவுஸ்’ என்பதன் பெண்பால் வடிவம் மட்டும் இசுப்பானியம், போர்ச்சுகீசியம், உருமேனியம் முதலிய மொழிகளில் பெண்குதிரையைக் குறிக்கும் சொல்லாக எஞ்சியது.

ஒரு சொல், இரு வழிகள்

‘கபல்லுஸ்’ என்பதோடு தொழிலுடையோனைக் குறிக்கும் ‘ஆரியுஸ்’ என்னும் விகுதி சேர்ந்து ‘கபல்லாரியுஸ்’ என்னும் சொல் பிற்கால இலத்தீனில் உருவாயிற்று. குதிரையோடு தொழில் உடையவன் என்பதே இதன் பொருள். குதிரையேறுபவனையும் குதிரையைப் பேணுபவனையும் அது குறித்தது. உயர்குடி என்னும் குறிப்பு அதில் இல்லை.

இத்தாலியின் தசுக்கானப் பகுதி மொழியில் ‘ஆரியுஸ்’ விகுதி இயல்பாக ‘ஆயோ’ எனத் திரியும். ‘நொத்தாரியுஸ்’ என்பது ‘நொத்தாயோ’ ஆயிற்று. இஃது ஆவணம் எழுதுபவரைக் குறிக்கும். ‘ஃபுர்னாரியுஸ்’ என்பது ‘ஃபொர்னாயோ’ ஆயிற்று; இஃது அடுமனைக்காரரைக் குறிக்கும். இவ்விதிப்படி ‘கபல்லாரியுஸ்’ என்பது ‘கவல்லாயோ’ எனத் திரிந்திருக்க வேண்டும். அவ்வாறே திரிந்தும் உள்ளது. ‘கவல்லாயோ’ என்னும் சொல் பழைய இத்தாலியத்தில் உண்டு. அதன் பொருள் குதிரை வணிகன் என்பதாகும். ‘கவல்லாரோ’ என்னும் மற்றொரு வடிவம் குதிரை மேய்ப்பவனையும் குதிரையேறிச் செய்தி கொண்டு செல்பவனையும் குறித்தது.

அவ்வாறாயின் ‘கவலியேரே’ எங்கிருந்து வந்தது? ‘இயேரே’ என்னும் அதன் இறுதி, அச்சொல் தசுக்கான மண்ணில் இயல்பாக விளைந்தது அன்று என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆல்ப்சு மலைக்கு அப்பாலிருந்து, தென்பிரான்சின் ஒக்சித்தானிய மொழி வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் அது இத்தாலியத்துக்குள் வந்தது. ஒரே தாயின் இரு பிள்ளைகளுள் வீட்டிலேயே வளர்ந்தவன் குதிரை வணிகனானான். அயல்நாடு சென்று மீண்டவன் பெருந்தகையானான். வேர் ஒன்றே, பெருமை மட்டும் வேறுபட்டது. எனவே அப்பெருமை வேரிலிருந்து வந்ததன்று என்பது தெளிவாகிறது.

பெருமை வந்த வழி

அப்பெருமையை அளித்தது அக்காலச் சமூகமாகும். இடைக்கால ஐரோப்பாவில் போர்க்குதிரை, கவசம், படைக்கலங்கள், பணியாளர் ஆகியவற்றைத் தன் செலவில் பேணுவது செல்வர்க்கே இயன்றது. ஆதலின் குதிரைமேல் நின்று போரிடுதல் உயர்நிலையின் அடையாளமாயிற்று. அதனோடு பட்டம் சூட்டும் சடங்கும், சொல் தவறாமை, எளியோரைக் காத்தல், மகளிரைப் போற்றுதல் முதலிய நெறிகளும் சேர்ந்தன.

இந்நெறிகளைப் பாடிப் பரப்பியவர்கள் தென்பிரான்சின் பாணர்கள். அவர்களுடைய ஒக்சித்தானியப் பாடல்கள் வட இத்தாலிய அரசவைகளில் பெருமதிப்புப் பெற்றிருந்தன. 13ஆம் நூற்றாண்டில் மாந்துவா நகரை அடுத்துப் பிறந்த சொர்தெல்லோ, தாம் இத்தாலியராயினும் ஒக்சித்தானியத்திலேயே பாடினார். சொல் வந்த பாதையும் பாடல் வந்த பாதையும் ஒன்றே. பாடலோடு வந்தமையால் அச்சொல் பாடலின் மணத்தையும் சுமந்து வந்தது.

பின்னர் ஃபெராரா அரசவையைச் சார்ந்த பொயார்தோ, அரியோஸ்தோ ஆகிய இரு புலவர்களும் ஓர்லாந்தோ என்னும் வீரனைத் தலைவனாகக் கொண்டு காப்பியங்கள் இயற்றினர். அரியோஸ்தோவின் காப்பியம் முதன்முதலாக 1516இலும், விரிவுற்ற இறுதி வடிவில் 1532இலும் வெளிவந்தது. வீரமும் காதலும் பின்னிப் பிணைந்த அக்காப்பியங்களின் வழியே ‘கவலியேரே’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் உணரும் இலக்கியப் பொலிவு நிலைத்தது எனலாம்.

குதிரை நீங்கிய குதிரைவீரர்

சொல் பெருமை பெற்றபின் அதற்குக் குதிரை தேவைப்படவில்லை. தசுக்கனியின் ஆட்சியாளர் முதலாம் கோசிமோ தெ மெதிச்சி 1562இல் புனித ஸ்தெஃபானோ கவலியேரிகளின் சபையை நிறுவினார். (‘கவலியேரி’ என்பது பன்மை.) இச்சபையினர் போரிட்ட களம் கடல், அவர்கள் ஏறியவை துடுப்புக் கப்பல்கள். குதிரையில்லாக் குதிரைவீரர்களாகிய அவர்களின் பெயரால் பீசா நகரில் ‘கவலியேரிச் சதுக்கம்’ இன்றும் உள்ளது. அவர்களுக்காக ஜொர்ஜோ வசாரி புதுப்பித்தமைத்த மாளிகையில் இன்று புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமொன்று இயங்கி வருகிறது.

1770இல் திருத்தந்தை பதினான்காம் கிளெமெந்து, 14 வயதே நிரம்பிய இசைமேதை மோட்சார்ட்டுக்குப் பொற்குதிமுள் விருதை அளித்துக் கவலியேரே ஆக்கினார். குதிமுள் என்பது குதிரையை முடுக்கக் காலணியின் பின்புறம் பொருத்தும் முள். இங்கு அது வெறும் அணியாயிற்று. சிவாஜி கணேசனுக்கு வழங்கப்பட்ட செவாலியே விருது இம்மரபின் நெடுந்தொலைவு நீட்சியே ஆகும்.

நயநாகரிகப் பொருளும் தன் எல்லையைத் தொட்டது. 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய உயர்குடியில், மணமான சீமாட்டிக்கு விருந்திலும் நாடக அரங்கிலும் துணையாகச் செல்லும் வேற்றாடவர் ‘பணிபுரியும் கவலியேரே’ எனப்பட்டார். போர்க்களத்து வீரன் விசிறி ஏந்தும் துணைவனானான். 1753இல் அரங்கேறிய கொல்தோனியின் ‘விடுதிக்காரி’ நாடகத்தில் கவலியேரே பட்டம் தாங்கிய ஒருவர் வருகிறார். பெண்களை வெறுப்பதாகப் பெருமை பேசிய அவர், விடுதி நடத்தும் மிராந்தொலினாவின் அறிவுக்கூர்மையால் காதல்வயப்பட்டுத் தோற்கிறார். பட்டம் ஒருபுறமும் பண்பு ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்பதே அந்நகைச்சுவையின் உயிர்.

1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பு, பிரபுப் பட்டங்களை ஏற்க மறுத்தது. ஆயினும் 1951இல் ஏற்படுத்தப்பட்ட குடியரசுச் சிறப்பு விருதின் தொடக்கப் படிநிலைக்குக் ‘கவலியேரே’ என்றே பெயரிடப்பட்டது. தொழில்துறைச் சாதனையாளர்க்கென 1901 முதல் வழங்கப்பட்டு வரும் ‘உழைப்பின் கவலியேரே’ விருதும் உண்டு. 1977இல் அதைப் பெற்ற சில்வியோ பெர்லுஸ்கோனி, பிற்காலத்தில் நாட்டின் தலைமையமைச்சரானபோதும் செய்தித்தாள்களில் ‘கவலியேரே’ என்றே சுட்டப்பட்டார். இத்தாலோ கல்வீனோ 1959இல் வெளியிட்ட புதினமொன்றின் நாயகன், உள்ளே ஆளில்லாத வெறுங்கவசமாகிய ஒரு கவலியேரே. பொருள் வெளியேறிய பின்னும் நடமாடும் சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைத்தல் அரிது.

இருபுறமும் சென்ற பொருள்

இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘கவலியர்’ எனப் புகுந்தது. 1642இல் தொடங்கிய ஆங்கில உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பினரைப் பகைவர் ‘கவலியர்’ என்று இழித்துக் கூறினர். மன்னர் தரப்பினரோ அதனையே பெருமையாக ஏற்றனர். இன்று ஆங்கிலத்தில் இச்சொல் பெயரடையாக வரும்போது பிறரைப் பொருட்படுத்தாத அலட்சியத்தைக் குறிக்கிறது. பெருந்தகைமைக்கு உரிய சொல்லே அதன் மறுதலைக்கும் உரியதாயிற்று. மறுபுறம், இசுப்பானியத்தில் ‘கபல்யேரோ’ என்பது கண்ணியமான எந்த ஆடவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகி, பொதுக் கழிப்பறைக் கதவிலும் ‘ஆடவர்’ என்னும் பொருளில் எழுதப்படுகிறது.

இத்தாலியத்திலும் இவ்வீழ்ச்சி உணரப்பட்டது. 1890இல் உரோமில் அரங்கேறிய மஸ்காஞ்ஞியின் இசைநாடகம், வெர்காவின் 1880ஆம் ஆண்டுச் சிறுகதையைத் தழுவியது. ‘நாட்டுப்புறத்துப் பெருந்தகைமை’ எனப் பொருள்படும் பெயரை அது தாங்கியிருக்கிறது. சிசிலியச் சிற்றூரில் மானத்தின் பெயரால் நிகழும் கத்திச்சண்டையே அதன் கதை. அதில் பட்டம் பெற்ற வீரர் எவரும் இலர். கொலை செய்யும் அல்ஃபியோ ஒரு வண்டியோட்டி. தன் வண்டிக்குதிரையைப் பாடிக்கொண்டே அரங்கில் நுழைகிறான். சொல் தான் புறப்பட்ட இடமாகிய வண்டிக்குதிரையிடமே மீண்டு வந்ததைப் போன்றதொரு காட்சி அது.

தமிழ் வழக்கிலிருந்து ஒப்புமைகள்

இத்தகைய ஏற்ற இறக்கம் தமிழ் வழக்குக்குப் புதியதன்று. ‘இராவுத்தர்’ என்னும் சொல்லை நோக்குக. ‘அரசன் மகன்’ எனப் பொருள்படும் ‘ராஜபுத்திர’ என்னும் வடசொல் பிராகிருத வழியே திரிந்து ‘இராவுத்தர்’ ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தமிழில் அது குதிரைவீரனைக் குறித்தது. பின்னர்த் தமிழ் முஸ்லிம் குடியினருள் ஒரு பிரிவினரின் பெயராக நிலைத்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடையேயும் அப்பெயர் வழங்குகிறது. ‘ராஜபுத்திரர்’, ‘இராவுத்தர்’ என இரு வேறு வடிவங்களாக ஒரே சொல் தமிழில் இருப்பது, ‘கவலியேரே’, ‘கவல்லாயோ’ ஆகியவற்றின் இருமையை ஒத்தது. ஆயின் திசை வேறு. இத்தாலியில் குதிரையிலிருந்து சொல் உயர்குடிக்கு ஏறியது. இங்கு அரச குடியிலிருந்து குதிரைக்கு வந்தது.

‘சேவகன்’ என்னும் சொல்லும் ஈண்டு நினைக்கத்தக்கது. பணிபுரிபவன் என்னும் பொருளுடைய அது, தமிழில் வீரன் என்னும் பொருளையும் பெற்றது. ‘சேவகம்’ வீரத்தையும் குறித்தது. மாணிக்கவாசகர் வரலாற்றில் இறைவன் குதிரைச் சேவகனாக வருதலை யாவரும் அறிவர். ஆங்கிலத்தில் பட்டம் பெற்ற வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் சிறுவன், ஏவலன் என்னும் பொருள்களையே கொண்டிருந்தது. சொல்லின் பிறப்பு எளிமையானதாயினும் வாழ்வு உயரலாம் என்பதற்கு இவை சான்றுகள்.

காவலரும் கவலியேரேயும்

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ‘காவலர்’ என்னும் சொல்லைப் பகுத்தால், காத்தற் பொருளுடைய ‘கா’ என்பது பகுதி. ‘அல்’ தொழிற்பெயர் விகுதி. ‘அர்’ பலர்பாலிலும் உயர்விலும் வரும் விகுதி. இடையிலுள்ள வகரம் உடம்படுமெய். அதாவது, இரு உயிர்கள் சேரும் இடத்தில் தோன்றிய ஒலியே அது.

‘கவலியேரே’ என்பதிலுள்ள வகரமோ ‘கபல்லுஸ்’ என்பதன் பகரம் திரிந்தது. உயிர்களுக்கிடையே வரும் பகரம் வகரமாதல் இத்தாலியத்தில் பரவலாகக் காணும் மாற்றம். ‘ஃபாபா’ என்னும் அவரைப் பெயர் ‘ஃபாவா’ ஆயிற்று; உடைமைப் பொருள் தரும் ‘ஹபேரே’ என்பது ‘அவேரே’ ஆயிற்று. ஆகவே இரு சொற்களிலும் உள்ள வகரங்கள் வெவ்வேறு பிறப்பின. ‘காவலர்’ என்பதில் லகரம் விகுதியைச் சார்ந்தது. ‘கவலியேரே’ என்பதில் அது பகுதியைச் சார்ந்தது. ரகரம் ஒன்றில் ‘அர்’ விகுதியினது. மற்றொன்றில் ‘ஆரியுஸ்’ விகுதியினது. ஓர் ஒலிகூட மற்றதன் இடத்தில் பொருந்தவில்லை.

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. இரு சொற்கள் உண்மையில் உறவுடையனவாயின், காலத்தால் பின்னோக்கிச் செல்லச் செல்ல அவை நெருங்க வேண்டும். இவையோ விலகுகின்றன. ‘கவலியேரே’ என்பது ‘காவலர்’ என்பதை ஒக்கும். அதன் முன்வடிவமாகிய ‘கபல்லாரியுஸ்’ அத்துணை ஒவ்வாது. அதற்கும் முந்திய ‘கபல்லுஸ்’ ஒரு விலங்கின் பெயர். காத்தல் என்னும் பொருளுக்கு அங்கு இடமே இல்லை.

மாறாக, ஒலியால் தொலைவில் நிற்கும் ‘செவாலியே’ உண்மையான உறவுச்சொல். இலத்தீனின் சொன்முதல் ககரம் அகரத்தின் முன் வரும்போது பிரெஞ்சில் சகர ஒலியாகத் திரிவது விதி. பாடுதலைக் குறிக்கும் ‘காந்தாரே’ என்பது ‘சாந்தே’ ஆனதும் ‘கபல்லுஸ்’ என்பது ‘செவால்’ ஆனதும் இவ்விதியின்பாற்பட்டனவே. ஒலி ஒத்தது உறவன்று. ஒலி ஒவ்வாதது உறவாயிற்று. உறவைத் தீர்மானிப்பது ஒழுங்கான மாற்றமே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு உண்மைகள் புலப்படுகின்றன. ஒன்று, சொல்லின் பெருமை அதன் வேரில் இல்லை; அதனை வழங்கிய மக்களின் வாழ்விலும் இலக்கியத்திலும் உள்ளது. மட்டக்குதிரையின் பெயரிலிருந்தே ஐரோப்பாவின் உயர்ந்த பட்டங்களுள் ஒன்று பிறந்தது. மற்றொன்று, ஒலியொப்புமை ஆய்வின் தொடக்கமாகலாமேயன்றி முடிவாகாது.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதிலிருந்து ஒரு பயன் உண்டு. இச்சொல்லை எங்கும் ‘குதிரைவீரன்’ என்றே பெயர்த்தல் பொருந்தாது. படையைக் குறிக்குமிடத்துக் ‘குதிரைவீரர்’ எனலாம்; பண்பைக் குறிக்குமிடத்துப் ‘பெருந்தகை’ எனலாம்; விருதைக் குறிக்குமிடத்துச் ‘செவாலியே’ போலவே ‘கவலியேரே’ என ஒலிபெயர்த்தல் தகும்.

‘காவலர்’ பற்றி மாணவர் வினவும்போது ஆசிரியர் வெறுமனே ‘இல்லை’ என்று கூறி நிறுத்திவிட வேண்டுவதில்லை. இரு சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் பகுத்துக் காட்டினால், உடம்படுமெய், விகுதி முதலிய இலக்கணக் கூறுகள் அங்கேயே உயிர்பெறும். தமிழின் தொன்மையும் வளமும் பிறமொழிச் சொற்களைத் தமிழாகக் காட்டுவதால் உயர்வன அல்ல; ‘காவலர்’ என்னும் சொல் தன் வேரில் தானே உறுதியாக நிற்கிறது. அவ்வுறுதியை மாணவர்க்கு உணர்த்த, தொலைநாட்டுச் சொல்லொன்றின் வரலாறும் துணையாகும்.